ஒரு ஒர்க்புக், இரண்டு மூன்று பிள்ளைகள்: கேள்வி பதில்

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் சிலர், ஒரே ஒர்க்புக்கை அடுத்த பிள்ளைக்கும் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருந்தார்கள். மூன்று பிள்ளைகளை ஹோம்ஸ்கூலில் வளர்க்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு, 7 வயது மகள், 4 வயது மகன்): அக்கா, மகளுக்கு வாங்கும் ஒர்க்புக்கை முழுசாக லேமினேட் செய்துவிட்டால் தம்பிக்கும் ஆகுமே, செய்யலாமா?

பதில்: முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பக்கம் என்றால் ஐம்பது தாள். ஏ4 தாள் ஒன்றுக்குக் கடையில் இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். புத்தகத்தின் விலையே இருநூறு முந்நூறுதானே? அதற்குப் புதிதாகவே இன்னொன்று வாங்கிவிடலாம். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் ஒன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகமான 'ஜாய்ஃபுல் மேத்தமேட்டிக்ஸ்' பிள்ளைகள் உள்ளேயே எழுதும்படி அமைந்தது. விலை 65 ரூபாய், பிடிஎஃப் இலவசம். அதைப் போய் லேமினேட் செய்தால் காசுக்குப் பிடித்த கேடு.

லேமினேஷனைத் திரும்பத் திரும்பப் போடுகிற பக்கங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முள் இல்லாத கடிகாரம், 1 முதல் 100 வரையிலான எண் கட்டம், வாய்ப்பாடு, பெயர் போடாத இந்திய வரைபடம் போன்றவை. பத்துப் பதினைந்து தாளுக்கு மேல் வராது.

கேள்வி (அதே அம்மா): அப்போ மற்ற பக்கங்களை என்ன செய்வது?

பதில்: புத்தகத்தில் எழுதவே விடாதீர்கள். கேள்வி புத்தகத்தில் இருக்கட்டும், விடை நோட்டுக்குப் போகட்டும். மற்ற வித்தைகளெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நோட்டில் இடது ஓரம் பக்க எண், கீழே கணக்கு எண், பக்கத்தில் விடை. கேள்வியை எடுத்தெழுதச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால்தான் பிள்ளைக்கு நோட்டே கசந்துபோகும். பொருத்துக என்றால் '1-இ, 2-அ' என்று எழுதினால் போதும். வட்டமிடுக என்றால் அந்தச் சொல்லை மட்டும் எழுதலாம். கூட்டல் கழித்தலுக்குக் கட்டம் போட்ட நோட்டு நல்லது. ஒன்று, பத்து, நூறு தானாக ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்.

ஏழு வயதுக்கு மேல் இது சுலபமாக நடக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கண் புத்தகத்துக்கும் நோட்டுக்கும் அலையும், எந்தக் கணக்கில் இருந்தோம் என்பதே மறந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு ஓஹெச்பி ஷீட் என்கிற, அடியில் இருப்பது தெரியும் பிளாஸ்டிக் தாள்தான் சரி. பக்கத்தின் மேல் வைத்து மேலே இரண்டு கிளிப் போட்டால், புத்தகத்தில் எழுதுகிற மாதிரியே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதலாம். முடித்ததும் திருத்திவிட்டுத் துடைத்துவிடுங்கள். ஒரே ஷீட்டை எல்லாப் பக்கத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். பழைய சிலேட்டும் பல்பமும் வீட்டில் கிடந்தால் அதுவும் தாராளம், பல்பத்தைத் தின்னாத பிள்ளையாக இருந்தால்.

கேள்வி (மதுரை): ஒயிட்போர்டு மார்க்கரில் எழுதிய பக்கத்தை ஒரு மாதம் அப்படியே விட்டுவிட்டேன். இப்போது துடைத்தாலும் நிழல் போகமாட்டேன் என்கிறது.

பதில்: அதே கறையின் மேல் புது மார்க்கரால் அழுத்தி எழுதி, ஈரம் காய்வதற்குள் துடையுங்கள். புது மையில் இருக்கும் கரைப்பான் பழைய மையையும் இளக்கி எடுத்துவரும். அதற்கும் மசியாவிட்டால் பஞ்சில் இரண்டு சொட்டு சானிடைசர். தெரியாமல் பர்மனென்ட் மார்க்கரில் எழுதிவிட்டாலும் இதேதான் வழி. இன்னொன்று, மேட் லேமினேஷன் கேட்டு வாங்காதீர்கள். பார்க்க அழகு, ஆனால் அதன் சொரசொரப்பில் மை போய் உட்கார்ந்துகொள்ளும். பளபளப்பானதே துடைக்க நல்லது.

லேமினேஷனுக்குப் பதில் பிளாஸ்டிக் உறை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிவிசி உறைக்குள் ஜெராக்ஸ் தாளைப் போட்டு வெயில் படுகிற இடத்தில் வைத்தால், எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு தாளிலிருந்து உரிந்து வரும். பாலிப்ரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (திருச்சி): நாலு கோடு போட்ட கையெழுத்துப் பயிற்சிக்கும் இதே ஓஹெச்பி ஷீட் போதுமா?

பதில்: வேண்டாம். பிளாஸ்டிக் மேல் மார்க்கர் வழுக்கிக்கொண்டு ஓடும். பென்சில் தாளில் உரசும்போது கைக்குக் கிடைக்கும் பிடிமானம் அதில் கிடையாது. மார்க்கரைப் பிடிக்கும் விதமும் வேறு. 'ழ'வின் வளைவும் 'ணை'யின் சுழிகளும் தாளில் பென்சிலால் எழுதித்தான் கைக்கு வரும். கையெழுத்துக்கு ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். மாதிரி வரி வேண்டுமென்றால் ட்ரேசிங் பேப்பரைப் புத்தகத்தின் மேல் வைத்துப் பென்சிலால் எழுத விடலாம்.

கேள்வி (சென்னை): என் பையன் இடது கைக்காரன். எழுத எழுத உள்ளங்கையாலேயே எல்லாவற்றையும் அழித்துவிடுகிறான்.

பதில்: ஈரத்துணியில் மட்டும் அழியும் ஓஹெச்பி பேனா கிடைக்கும், அதை வாங்குங்கள். காய்ந்தபின் கை பட்டால் கலையாது. கை வேர்க்கிற பிள்ளை என்றால் அதுவும் கொஞ்சம் தடவும். அப்படியானால் நோட்டுதான்.

கேள்வி (கோயம்புத்தூர்): மூத்தவள் பாதிப் புத்தகத்தைப் பென்சிலிலும் மீதியைப் பேனாவிலும் எழுதி முடித்துவிட்டாள். இனி சின்னவளுக்கு ஆகாதா?

பதில்: ஆகும், ஆனால் மூலப் புத்தகத்தில் இல்லை. பென்சிலை அழித்தாலும் அழுத்தி எழுதிய பள்ளம் தாளில் இருக்கும். சின்னவள் தாளைச் சாய்த்துப் பிடித்து விடையைப் படித்துவிடுவாள், பிள்ளைகள் இதில் கெட்டி. அதனால் அழித்தபின் ஜெராக்ஸ் எடுங்கள். மெஷினில் கருமையைக் குறைத்து, வெளிறலாக எடுக்கச் சொல்லுங்கள். பென்சிலின் மங்கல் கோடுகள் மறைந்து அச்செழுத்து மட்டும் நிற்கும்.

பேனா எழுத்துக்கு ஒயிட்னர் அடிக்காதீர்கள். தாள் மேடுபள்ளமாகி ஜெராக்ஸில் அழுக்குத் திட்டாக விழும். கடைகளில் விலை ஒட்டும் வெள்ளை லேபிள் இருக்கிறதல்லவா, அதைக் கீற்றாக வெட்டி விடைமேல் ஒட்டி நகல் எடுங்கள். நிரப்பிய பக்கம் காலிப் பக்கமாகிவிடும். படம் வரைந்து வண்ணமடித்த பக்கங்களை விட்டுவிடுங்கள், அதற்கு மெனக்கெட்டுப் பலன் இல்லை.

கேள்வி (சேலம்): புத்தகம் தடிமனாக இருப்பதால் ஷீட் படியவில்லை, முதுகுப்பக்கம் தூக்கிக்கொள்கிறது.

பதில்: பைண்டிங் கடையில் கொடுத்து முதுகை வெட்டிவிட்டு ஸ்பைரல் போடச் சொல்லுங்கள். புத்தகம் தட்டையாகப் படுக்கும், முழுசாக மடித்தும் வைக்கலாம். வெட்டுவதற்கு முன் உள் ஓரத்தில் எழுத்து எதுவரை வந்திருக்கிறது என்று பாருங்கள். அரை அங்குலம்கூட இல்லையென்றால் ஸ்பைரல் ஓட்டை கேள்வி எண்களைத் தின்றுவிடும்.

கேள்வி (ஓசூர்): ஸ்டிக்கர் ஒட்டுகிற, வெட்டி ஒட்டுகிற பக்கங்கள்?

பதில்: வெட்டுவதற்கு முன்பே ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டி வெட்டிக்கொண்டால் வைத்து எடுத்து விளையாடலாம்.

கேள்வி (திருப்பூர், அப்பா): நகல் எடுப்பது சட்டப்படி சரிதானா மேடம்? தெரிந்த நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி ஜெராக்ஸ் போட்டுப் பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. நீங்கள் வாங்கிய புத்தகத்தில் சில பக்கங்களை உங்கள் பிள்ளைக்காக நகல் எடுப்பது அதற்குள் வரும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். முழுப் புத்தகத்தையும் நான்கு நகல் போட்டுப் பங்கிடுவது வேறு விஷயம் சார், அது நான்கு புத்தகம் வாங்காமல் தப்பிக்கும் வழி. சின்னப் பதிப்பகத்தார் புத்தகம் என்றால் மனசாட்சியும் இடம் தராது. நான்கு வீட்டாரும் எழுதாத புத்தகத்தையே சுற்றில் விடுங்கள். நோட்டு முறைக்கு வந்துவிட்டால் அதற்குத் தடையே இல்லை.

கேள்வி (வேலூர்): இரண்டு பிள்ளைகளுக்கும் ஐந்து வயது வித்தியாசம். பத்திரப்படுத்தி வைப்பதில் பயன் உண்டா?

பதில்: பாடத்திட்டத்தை ஒட்டிய ஒர்க்புக் என்றால் யோசியுங்கள். என்சிஇஆர்டி 2023இல் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கும், 2024இல் மூன்று, ஆறாம் வகுப்புகளுக்கும் புதுப் புத்தகம் கொண்டுவந்தது. பழைய பாடத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் வரிசை மாறிப்போனது. பின்னம், நேரம், வாய்ப்பாடு, தமிழ் எழுத்து இவற்றுக்கு அந்தக் கவலை இல்லை, அவற்றை வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): துடைத்துவிட்டால் பிள்ளை படித்ததற்கு ஆதாரமே இருக்காதே? பின்னால் என்ஐஓஎஸ்ஸில், அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், கேட்டால்?

பதில்: என்ஐஓஎஸ்ஸில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். முன்பு பள்ளிக்குப் போகாத பிள்ளை, இந்தப் பாடத்தைப் படிக்கும் அளவு தேர்ச்சி இருக்கிறது என்று சுயசான்று கொடுத்துச் சேரலாம். மூன்றாம் வகுப்பு ஒர்க்புக்கைக் கட்டிக் கொண்டுபோக வேண்டியதில்லை. உங்களுக்காக வேண்டுமென்றால், துடைப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து மாத வாரியாகப் போட்டு வையுங்கள். எந்தக் கணக்கில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறாள் என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி (நாகர்கோவில்): சின்னவன், "எனக்கு மட்டும் எப்பவும் அண்ணன் புத்தகமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

பதில்: நியாயமான கோபம்தானே! வருஷத்துக்கு ஒரு புத்தகமாவது அவனே கடையில் பார்த்து எடுக்கட்டும், அதில் பேனாவாலேயே கிறுக்கட்டும், அதைத் துடைக்கச் சொல்லாதீர்கள். அண்ணன் எழுதிய நோட்டை மட்டும் அவன் கண்ணில் படாமல் வையுங்கள். விடையெல்லாம் அதில்தான் இருக்கிறது.