புரோகிதர் இல்லாத மணமேடை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நானும் நான் மணக்கவிருப்பவரும் இந்துக்கள், சாதி வேறு. ஓமம், மந்திரம் இன்றி, எங்கள் சொற்களிலேயே மணம் செய்துகொள்ள விரும்புகிறோம். அது சட்டப்படி செல்லுமா? வழக்கம் விட்டுப்போகக் கூடாது, தாலியாவது வேண்டும் என்கிறார் என் பாட்டி. கணவரை இழந்த என் வருங்கால மாமியார் கையால் தாலி எடுத்துத் தரவேண்டும் என்பது எங்கள் ஆசை. நிகழ்ச்சியை எப்படி அமைப்பது? (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாகச் செல்லும். அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ, இவற்றில் ஏதேனும் ஒன்றே போதும் என்கிறது அது. இப்பிரிவின்படி நடக்கும் மணத்துக்கு ஏழடி எடுத்துவைப்பது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2001-இல் தெளிவுபடுத்திவிட்டது. மணம் முடிந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். அழைப்பிதழையும் கேட்பார்கள் என்பதால், அதில் உங்கள் பெயர்கள் சான்றிதழ்களில் உள்ளபடியே இருக்கட்டும்.

சட்டம் கேட்பது இவ்வளவு குறைவு என்பதாலேயே ஒரு சிக்கலும் வருகிறது. மந்திரம் இருந்த இடம் காலியாகிவிட, அந்த இடத்தில் வாழ்த்துரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. மணமக்கள் மாலையின் கனம் தாங்காமல் நெளிய, நாட்டு நடப்பு ஒருமணி நேரம் அலசப்படுகிறது. சுயமரியாதைத் திருமணங்களின் பழைய நோய் இது. வாழ்த்த வந்தவர்களில் இருவர் மட்டும் பேசட்டும், அதுவும் தாலி கட்டிய பிறகு.

நிகழ்ச்சியின் நடு உங்கள் உறுதிமொழிதான். ஆளுக்கு ஏழெட்டு வரி போதும். தனித்தனியே எழுதி, முதல்நாள் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுங்கள். 'இன்பத்திலும் துன்பத்திலும்' என்ற வரி எல்லா வீட்டுக்கும் பொருந்தும், ஆகவே உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதாக இராது. 'உன் அம்மாவின் மருந்துச் செலவு இனி நம் செலவு', 'என் சம்பளத்தை நான்தான் கையாள்வேன், கணக்கை மறைக்க மாட்டேன்' என்று இருவரும் உண்மையில் பேசி முடிவெடுத்தவற்றை எழுதினால், பந்தலில் இருப்பவர்கள் சாட்சிகளாக நிற்பதற்கும் ஒரு பொருள் கிடைக்கும்.

நான் நடத்திவைத்த திருமணம் ஒன்றில், மணமகள் மூன்றாவது வரியில் இருந்தபோதே யாரோ விரலை ஆட்டிவிட, கெட்டிமேளம் முழங்கி, மீதி வரிகள் அவர் கணவருக்கே கேட்காமல் போயின. ஆகவே தவில்காரரிடம் ஒரே ஒருவரின் சைகையைத்தான் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கையில் தாள் இருக்கும் என்பதால் ஒலிவாங்கிக்குத் தாங்கி தேவை. படம் எடுப்பவர்கள் மேடையைச் சுற்றி மதில் கட்டாமல் பக்கவாட்டில் நிற்பதையும் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுவது நல்லது.

பாட்டியிடம் அகநானூற்றின் 86-ஆம் பாடலைச் சொல்லிப் பாருங்கள். அந்தத் திருமணத்தில் தீயும் இல்லை, மந்திரமும் இல்லை. பந்தலில் புதுமணல் பரப்பி விளக்கேற்றி, நான்கு பெண்கள் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து மணமகளை வாழ்த்துகிறார்கள். அந்தப் பெண்கள் மகனைப் பெற்றவர்கள் என்று பாடல் நிபந்தனை வைக்கிறது. உங்களுக்கு அந்த நிபந்தனை வேண்டாம். பூவும் நெல்லும் தூவப் பாட்டியையே முதலில் அழையுங்கள்.

மாமியார் விஷயத்தை மட்டும் மேடையில் வந்து திடீரென அறிவிக்காதீர்கள். மகன் அவரிடம் தனியாகக் கேட்கட்டும். நெருங்கிய உறவினருக்கும் சொல்லிவிட்டால் அன்றைய முணுமுணுப்பு குறையும். மனமுவந்து சம்மதித்தால் முன்வரிசையில் அல்ல, மேடையிலேயே அவருக்கு நாற்காலி போடுங்கள். பல ஆண்டுகளாக மங்கல காரியங்களில் ஒதுங்கி நின்று பழகியவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். உங்கள் பெற்றோரும் பாட்டியும் அவரோடு சேர்ந்து தாலித் தட்டைப் பிடித்துக்கொண்டால், எடுத்துத் தருவது யார் என்ற கேள்வியே எழாது.