யோவான் 6: ஒரே அதிகாரம், வீட்டில் இரண்டு விளக்கம்

கேள்வி: நான் கத்தோலிக்கர், கணவர் பெந்தெகொஸ்தே. இரவில் சேர்ந்து நற்செய்தி வாசிக்கிறோம். யோவான் 6-ஆம் அதிகாரம் வந்ததும் வாக்குவாதமாகிவிட்டது. "என் சதையை உண்பவர்" என்று இயேசு சொன்னது திருப்பலியில் அப்பமாகத் தரப்படும் நற்கருணையைத்தான் என்கிறேன் நான். விசுவாசத்தைச் சொன்னார் என்கிறார் அவர். யார் சொல்வது சரி? சேர்ந்து வாசிப்பதையே விட்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: விட்டுவிடாதீர்கள். நீங்கள் இருவரும் வாசிப்பது ஒரே அதிகாரம்தான். ஆனால் ஆளுக்கொரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதை வைத்துப் புரிந்துகொள்கிறீர்கள். சபைகளுக்கு இடையே உள்ள பல வேறுபாடுகளும் இப்படித்தான் பிறக்கின்றன.

உங்கள் கணவர் பிடித்திருப்பது 35-ஆம் வசனம். தம்மிடம் வருகிறவருக்குப் பசி இராது, தம்மை விசுவாசிக்கிறவருக்குத் தாகம் இராது என்கிறார் இயேசு. அப்படியானால் வருவதுதான் உண்பது, விசுவாசிப்பதுதான் குடிப்பது. பின்னால் வரும் சதை, இரத்தம் பற்றிய பேச்சையும் அதே பொருளில்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் தரப்பு. ஆவியே உயிர் தருகிறது, மாம்சம் ஒன்றுக்கும் உதவாது என்னும் 63-ஆம் வசனம் அதற்குத் துணை நிற்கிறது.

நீங்கள் பிடித்திருப்பது 51 முதல் 58 வரை. "இவர் எப்படித் தம் சதையை நமக்குத் தர முடியும்?" என்று 52-இல், அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த யூதர்கள் தங்களுக்குள் வாதிடுகிறார்கள். இயேசு பேச்சைத் தணிக்கவே இல்லை, இன்னும் அழுத்திச் சொல்கிறார். 66-இல் சீடர்கள் பலர் விலகிப் போகிறார்கள். வெறும் உவமையாக இருந்திருந்தால் அவர்களைக் கூப்பிட்டு விளக்கியிருக்க மாட்டாரா? கத்தோலிக்கத் தரப்பின் ஆகப் பலமான வாதம் இதுதான் என்பது என் கருத்து.

இது இன்றைக்குத் தொடங்கிய விவாதமில்லை. 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் நேருக்கு நேர் வாதிட்டபோது, ஸ்விங்லி நம்பியிருந்தது 63-ஆம் வசனத்தை. லூத்தரோ "இது என் சரீரம்" என்று மேஜைமேல் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு நகர மறுத்துவிட்டார். விசுவாசம் பற்றிய 15 கட்டுரைகளில் 14-இல் ஒத்துப்போனவர்கள் திருவிருந்து, அதாவது நற்கருணை விஷயத்தில் பிரிந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அப்பத்தில் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்ற லூத்தர்கூட யோவான் 6 விசுவாசத்தைப் பற்றியது என்றுதான் வாசித்தார். அவர் ஆதாரமாக எடுத்தது, இயேசு கடைசி இரவு உணவில் அப்பத்தைக் கொடுத்தபோது சொன்ன "இது என் சரீரம்" என்னும் வார்த்தைகளை.

உங்கள் தரப்பிலும் ஒரே குரல் இல்லை. தம் சதையை உண்டு இரத்தத்தைக் குடிக்காவிட்டால் உங்களுக்குள் வாழ்வு இல்லை என்கிறது 53-ஆம் வசனம். கத்தோலிக்கர் போற்றும் பழங்கால ஆயர் அகஸ்தீன் அது உருவகம் என்று எழுதியிருக்கிறார். 1562-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கமும், இந்த அதிகாரத்துக்குத் திருச்சபைத் தந்தையர் (தொடக்க நூற்றாண்டுகளின் ஆசிரியர்கள்) பலவிதமாக விளக்கம் தந்திருப்பதை ஒப்புக்கொண்டது. ஆர்த்தடாக்ஸ் சபையினரோ 53-ஐ அப்படியே எடுத்து, ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தைக்கும் நற்கருணை தருகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் 1 முதல் 71 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். அப்புறம் கணவரின் வாதத்தை நீங்கள் சொல்லுங்கள், உங்கள் வாதத்தை அவர் சொல்லட்டும். "ஆமாம், நான் சொல்வது இதைத்தான்" என்று எதிரில் இருப்பவர் தலையாட்டும்வரை உங்கள் பதிலைத் தொடங்க வேண்டாம். அவர் 52-க்கும் 66-க்கும் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் 35-க்கும் 63-க்கும் சொல்ல வேண்டும். பிடித்த வசனத்தையே திரும்பத் திரும்பச் சொல்வது பதிலாகாது.

மத்தேயு 16:18-லும் இதே வழி உதவும். அங்கே பாறை என்பது பேதுருவா, அவர் அறிக்கையிட்ட விசுவாசமா என்பது சிக்கல். அகஸ்தீன் தன் கடைசிக் காலத்தில், பாறை பேதுரு என்பதையும் பேதுரு அறிக்கையிட்ட கிறிஸ்துவே என்பதையும் சொல்லி, வாசகரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒன்றை மட்டும் தனியே வையுங்கள். கணவர் திருப்பலியில் நற்கருணை வாங்கலாமா என்பது வீட்டு வாசிப்பில் முடிவாகிற விஷயமில்லை. கத்தோலிக்கத் திருச்சபை சாதாரணமாக மற்ற சபையினருக்கு அதைத் தருவதில்லை. அதைப் பங்குத் தந்தையிடமும் கணவருடைய போதகரிடமும் இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.