காசு கட்டித் திறக்கும் லூட் பாக்ஸ் சூதாட்டமா?

லூட் பாக்ஸ் என்பது வீடியோ விளையாட்டில், உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் திறக்கும் பெட்டி. அதில் கிடைத்த பொருளைக் காசாக மாற்ற வழி இல்லையென்றால், பிரிட்டன் சட்டப்படி அது சூதாட்டம் இல்லை, பெல்ஜியத்தில் சூதாட்டமே. உங்கள் மகன் விளையாட்டு நாணயமான வைரத்தைக் காசு கொடுத்து வாங்கித் திறக்கும் பெட்டியில் வருவது விற்கவே முடியாத உடைகள் என்கிறீர்கள், ஆக விடை நாட்டைப் பொறுத்தது.

நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளில் ஒன்று சூதாட்டம் என்றும் மற்றது இல்லை என்றும் முரண்படுவதும் அநேகமாக இதனால்தான். பணம் கட்டுவதும் அதிர்ஷ்டம் தீர்மானிப்பதும் இருந்தால், பரிசை விற்க முடியாவிட்டாலும் சூதாட்டம்தான் என்பது 2018-இல் பெல்ஜிய சூதாட்ட ஆணையம் எடுத்த நிலை. நெதர்லாந்தில் கதை திரும்பியது: ஃபிஃபா கால்பந்து வீடியோ விளையாட்டில் வீரர் அட்டைகள் வரும் பொதிகளுக்காக, அதைத் தயாரித்த இஏ நிறுவனத்துக்கு விதித்த 1 கோடி யூரோ அபராதத்தை 2022-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. பொதி தனி விளையாட்டு இல்லை, கால்பந்து விளையாட்டின் ஒரு பகுதி என்பது அதன் வாதம். எனக்கு அது கொஞ்சம் சாமர்த்தியமான வாதமாகத்தான் படுகிறது.

இப்போது இரண்டைப் பாருங்கள்:

1. பொருளை மற்ற ஆட்டக்காரருக்கு மாற்றும் வசதியோ சந்தையோ உள்ளதா? இருந்தால் கதையே வேறு, பிரிட்டனிலும் அது சூதாட்டமாகக் கருதப்படலாம்.

2. வாங்கும் திரையில் நிகழ்தகவுப் பட்டியல் இருக்கும். ஆப்பிள் 2017 கடைசியிலிருந்தே இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் ஒரு பொருளுக்கு 1% என்றிருந்தால் நூறு பெட்டியில் நிச்சயம் ஒன்று என்று மகன் நினைத்திருப்பான். அப்படி இல்லை. இத்தனை பெட்டிக்குள் கட்டாயம் கிடைக்கும் என்ற உத்தரவாத விதி தனியாக இல்லாவிட்டால், நூறு பெட்டி திறப்பவர்களில் ஏறக்குறைய 37 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

ஒன்று மட்டும்: விளையாட்டுக்குள் விற்பனை தடை என்றாலும், கணக்கையே வெளியே விற்கும் தளங்கள் உண்டு. அதனால் "விற்க முடியாது" என்ற விதிமுறை வரியை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.