புகைக்குழாய் வழியே எஞ்சினுக்குள் புகும் கடல்நீர்

கேள்வி: தூண்டில் போடுவதற்காக நானும் என் மைத்துனரும் சேர்ந்து, டீசல் எஞ்சின் உள்ளே பொருத்தப்பட்ட பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினோம். கட்டிக் கிடந்த படகு ஒரு நாள் காலை எளிதில் கிளம்பவில்லை. பலமுறை ஸ்டார்ட்டரை இயக்கிய பிறகு எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. சிலிண்டரிலிருந்து கடல்நீரை வெளியேற்றிய மெக்கானிக், அலை அடித்துப் புகைக்குழாய் வழியே நீர் போயிருக்கிறது என்றும், குழாயின் வாயில் ரப்பர் மூடி போட்டால் போதும் என்றும் சொல்கிறார். அது போதுமா?
– வாசகர், பத்து மாவுங், பினாங்கு

பதில்: போதாது. அலையின் மேல் பழியைப் போடுவது எளிது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த நீரை எஞ்சினின் சொந்த பம்ப்பே உள்ளே கொண்டு வந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

இவ்வகை எஞ்சின்களில், பம்ப் இழுக்கும் கடல்நீர் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு, எல்போ என்னும் வளைவில் புகையோடு கலந்து, வாட்டர்லாக் எனப்படும் தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து அதை மேலேற்றிப் படகுக்கு வெளியே தள்ளுவது புகையின் அழுத்தம்தான். ஸ்டார்ட்டரை இயக்கும்போதெல்லாம் பம்ப்பும் சுழன்று நீரை இழுக்கிறது. எஞ்சின் பற்றாத வரையில் அதைத் தள்ளப் புகை இல்லை. தொட்டி நிறைந்ததும் நீர் பின்வாங்கி, திறந்திருக்கும் புகை வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கிவிடுகிறது. 400 சி.சி. சிலிண்டர் ஒன்றில் அழுத்த விகிதம் (காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 20க்கு 1 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது எஞ்சியிருக்கும் இடம் சுமார் 21 சி.சி. மட்டுமே. நீரை அமுக்க முடியாது என்பதால், ஒன்றரை மேசைக்கரண்டி நீரே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடப் போதுமானது.

ஆகவே, இரண்டு மூன்று முயற்சிகளில் எஞ்சின் பற்றவில்லை என்றால், படகுக்குள் நீர் வரும் வழியிலுள்ள கடல்நீர் வால்வை மூடிவிட்டு, வாட்டர்லாக்கின் அடியிலுள்ள திருகைக் கழற்றி நீரை வடித்த பிறகே மீண்டும் முயல வேண்டும். எஞ்சின் பற்றிய மறுகணமே வால்வைத் திறக்க ஒருவர் அதன் அருகிலேயே இருப்பது நல்லது. மறந்தால் பம்ப்பில் நீரைத் தள்ளும் ரப்பர் சுழலியான இம்பெல்லர் விரைவில் கருகிவிடும்.

அடுத்ததாக, எல்போவில் நீர் புகையோடு கலக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். படகைக் காலியாக வைத்துக்கொண்டு அளப்பதில் பயனில்லை. ஆட்களும் ஐஸ் பெட்டியும் ஏறினால் படகு நன்றாகவே அமிழும். இடைவெளி 15 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், எஞ்சின் நின்ற பிறகும் கடல்நீர் சைஃபன் முறையில், அதாவது பம்ப் இல்லாமலே குழாய் வழியே தானாக இழுக்கப்பட்டு, சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கலாம். கட்டிக் கிடந்த படகின் எஞ்சினில் காலையில் நீர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதைத் தடுக்க, எல்போவுக்குப் போகும் நீர்க்குழாயைக் கடல்மட்டத்துக்கு மேல் நன்றாகத் தூக்கிக் கவிழ்ந்த வளைவாகக் கொண்டுபோய், உச்சியில் காற்று வால்வு வைப்பார்கள். உங்கள் படகில் அது இருந்தால் கழற்றிப் பாருங்கள்: சிறிய ரப்பர் நாக்கில் வெள்ளையாக உப்புப் பூத்து ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த வால்வு இருந்தும் இல்லாததுபோலத்தான். வெதுவெதுப்பான நன்னீரில் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்; நாக்கு விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அலையும் ஒரு காரணமாகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா காற்று, பின்புறம் கடலைப் பார்த்துக் கட்டியிருக்கும் படகின் புகைக்குழாயில் நீரை ஏற்றிவிடக்கூடியதே. ஆனால் அதற்கு முதல் மருந்து, வாட்டர்லாக்கிலிருந்து வரும் குழாயை மேல்தளத்தின் அடிவரை ஏற்றி, பிறகு வெளிவாய்க்குச் சரிவாக இறக்குவது. எஞ்சின் நிற்கும்போது குழாயிலிருந்து திரும்பி விழும் நீர் முழுவதையும் ஏற்கும் அளவுக்குத் தொட்டியும் பெரிதாக இருக்க வேண்டும். இவை சரியாக அமைந்த பிறகு ரப்பர் மூடியையும் தாராளமாகப் பொருத்துங்கள்.

ஒன்றை உடனே பாருங்கள். ஆயில் குச்சியில் எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால், எண்ணெயோடு நீர் கலந்திருக்கிறது. அதை மாற்றி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, நிறம் தெளியும்வரை மீண்டும் மாற்ற வேண்டும். இனி எப்போதாவது எஞ்சின் இறுகினால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுழற்றி, அன்றைக்கே நீரை வெளியேற்றிவிடுங்கள். உப்புநீர் மறுநாள்வரை காத்திருக்காது.

கேள்வி: பழுதான படகை வேறொரு படகு கட்டி இழுத்து வரும்போது, ஓடாத எஞ்சினுக்குள் நீர் போகுமா?
– வாசகர், தெலுக் பஹாங், பினாங்கு

பதில்: போகும். நீர் எடுக்கும் துளையில் முன்னோக்கிய வடிகட்டி இருந்தால், படகின் வேகமே நீரை உள்ளே தள்ளும்; தேய்ந்த இம்பெல்லர் அதைத் தடுக்காது. கயிற்றைக் கட்டும் முன்பே கடல்நீர் வால்வை மூடிவிடுங்கள்.