பதில்: இருளர் குடியிருப்பை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்தேன், நீக்கிவிட்டார்கள்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் கோத்தகிரிச் சரிவில் உள்ள உங்கள் இருளர் குடியிருப்பைச் சேர்த்ததும், யாரோ 'எந்த ஆவணத்திலும் இல்லை' என்று நீக்கியதும் படித்தேன். அந்தக் காரணம் அங்கே செல்லாது. விக்கிப்பீடியாவில்தான் ஏற்கெனவே வெளியான நம்பகமான சான்று கேட்பார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தரையில் இருப்பதே சான்று. நேரில் பார்த்தவர் நீங்கள், நீக்கியவர் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்திருப்பார். மரநிழலில் ஏழெட்டு ஓட்டுக்கூரை அதில் எங்கே தெரியும்?

நீக்கியது அழிந்துபோகாது, வரலாற்றில் அப்படியே இருக்கும். உடனே மீட்டுவைத்து மல்லுக்கட்டாதீர்கள். அவருடைய மாற்றத் தொகுப்பின் (ஒரே தடவையில் பதிந்த திருத்தங்களின்) கீழேயே 'நேரில் போய்ப் பதிந்தது' என்று எழுதி, நீங்கள் எடுத்த படங்களின் இணைப்பைக் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தகராறுகளைக் கவனிக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுப் பணிக்குழுவிடம் போகலாம். அந்த அளவுக்குப் போவது அபூர்வம்.

பெயர் விஷயம்தான் முக்கியம். ஊரார் புழங்கும் பெயரை 'நேம்' புலத்தில் போடுங்கள். அரசுப் பதிவேட்டில் உள்ள பெயர் 'அஃபிஷியல்_நேம்' புலத்துக்குப் போகட்டும். இருள மொழிக்கு 'ஐஆர்யூ' என்ற குறியீடு உண்டு, 'நேம்:ஐஆர்யூ' என்றும் சேர்க்கலாம். ஆனால் கூகுள் மேப்பைப் பார்த்து எதையும் எழுதவே எழுதாதீர்கள், உரிமச் சிக்கல். அப்படி எழுதியதை யாராவது நீக்கினால் கேள்வி கேட்க முடியாது.

அடுத்த முறை பெண்களையும் கூட்டிக்கொண்டு நடங்கள். ஊற்று, அங்கன்வாடி, மழையில் அறுந்துபோகும் ஒற்றையடிப் பாதை எல்லாம் அவர்கள் சொல்லித்தான் வரைபடத்தில் ஏறும். சாமி இடங்களை ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் பதியவேண்டாம். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அந்த மாற்றத் தொகுப்பின் இணைப்பை இங்கே போட்டால் நானும் போய் எழுதுகிறேன்.