கருவாட்டு முள்ளும் கவர் படிப்பும்

அன்புள்ள பாய்,

தேவிபட்டினத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. "பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பையன், கவர் கம்பெனிக்குப் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறான். பிளாஸ்டிக்கைத்தான் அரசாங்கமே தடை செய்துவிட்டதே! நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் கேட்பது, சரக்கை அடைக்கும் பை, பாக்கெட் செய்யும் பேக்கேஜிங் படிப்பு. புத்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, சொல்ல வேண்டியது அவனைவிட உங்களுக்குத்தான் அதிகம் என்று தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன மாதம் அவன் என்னைப் பார்க்க வந்தபோது, மேசையில் கிடந்த காபித்தூள் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து அவன் கையில் கொடுத்தேன். நகத்தால் நெம்பிப் பார்த்தான். மேல் தாள் வெடுக்கென்று கிழிந்தது. உள்தாள் கிழியாமல் சவ்வு போல இழுபட்டது. நடுவில் வெள்ளி போல ஒன்று மினுங்கியது. "உள்ளே இருப்பது மட்டும் ஏன் சார் இழுபடுகிறது?" என்று கேட்டான். பதினேழு வயதில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் என்னிடம் வந்தவர்களில் மிகக் குறைவு.

விடை இதுதான். மேலே இருப்பது பாலியெஸ்டர், 12 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அச்சு அதன் உள்பக்கத்தில் இருப்பதால் தேய்த்தாலும் போகாது. நடுவில் அலுமினியம், காற்றையும் வெளிச்சத்தையும் மணத்தையும் தடுப்பது அது. உள்ளே பாலித்தீன், சூடு பட்டதும் இளகி ஒட்டிக்கொண்டு வாயை மூடுவது அதன் வேலை. மூன்றும் தனித்தனி வேலைக்காரர்கள். யாரை எந்தச் சரக்குக்கு எத்தனை மைக்ரானில் அமர்த்துவது என்பதுதான் படிப்பு.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். நெத்திலிக் கருவாட்டைச் சாதாரண பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் மூன்றாம் நாள் வீடு முழுக்க மணக்கிறது. ஏன்? பாலித்தீன் ஈரத்தை ஓரளவு தடுக்கும். வாசனையையும் ஆக்ஸிஜனையும் தடுக்காது. சரி, நைலான் போடலாம் என்றால், அது வாசனையைப் பிடித்து வைக்கும், முள் குத்தினாலும் தாங்கும். ஆனால் ஈரம் புகுந்துவிடும். ஐப்பசி மழையில் உப்புக் கருவாடு எப்படி நீர்த்துப் போகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்து ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகும் பையின் வாயில் ஒரு துளி மீன் எண்ணெயோ கருவாட்டுத் தூளோ பட்டிருந்தால் சீல் பிடிக்காது. இவ்வளவையும் வகுப்பறையில் படிக்கும் பட்டணத்துப் பையனுக்கு முன், இதன் நடுவிலேயே வளர்ந்த உங்கள் மகன் எப்படிப் பின்தங்குவான்?

இந்தத் தொழில் நம்மைப் போன்ற நாடுகளில் ஏன் இவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதற்கும் காரணம் தெருமுனைக் கடையிலேயே இருக்கிறது. அன்றாடம் கூலி வாங்குகிறவர் அன்றாடம்தான் வாங்குவார். ஒரு பாட்டில் ஷாம்புவுக்குக் கையில் காசு இருக்காது. ஒரு தலைக்குளியலுக்கு இருக்கும். இதைக் கண்டுகொண்டு ஷாம்புவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்தவர்களில் முன்னோடி கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். நம் கடற்கரையில் பிறந்த யோசனை அது. இன்று சரம் சரமாகத் தொங்காத பெட்டிக்கடை உண்டா? இன்னொரு காரணம் லாரி வாடகை. காலிப் பாட்டில்களை ஏற்றினால் லாரி சுமப்பது பெரும்பாலும் காற்றைத்தான். பை செய்யும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான பிலிமாக இருந்தால் ஒரே லாரியில் லட்சக்கணக்கான பைகளுக்கான உருளைகள் போய்விடும். கண்ணாடியும் தகரமும் தோற்றது இங்கேதான். மிளகாய்த் தூள், மாவு, எண்ணெய் என்று உதிரியாக விற்றதெல்லாம் இப்போது பொட்டலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயும் பேர் போட்டு வெளியூர் போக வேண்டுமானால் நல்ல பை வேண்டும்.

குளிர்பெட்டி இல்லாத வீடுகளுக்காகவே வந்த ஒரு பையும் உண்டு. ரிடார்ட் பை என்பார்கள். மீன் குழம்பை அதில் அடைத்து 121 டிகிரி வெப்பத்தில் அழுத்தத்தோடு வேகவைத்தால், மேசை மேல் வைத்தாலே மாதக்கணக்கில் கெடாது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. மண்டபத்தில் பிடிக்கும் மீன் மண்டபத்திலேயே குழம்பாகிப் பையில் ஏறும் நாள் வந்தால், அந்தப் பட்டறையில் ஆள் வேண்டாமா?

இப்போது தடை விஷயம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது. தூக்குப் பை, தட்டு, டம்ளர், உறிஞ்சு குழல் போன்றவை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் இது போன்ற பொருள்களின் பட்டியல் ஒன்று தடை செய்யப்பட்டது. மளிகைக் கடையில் தொங்கும் தொழிற்சாலைப் பாக்கெட்டுகள் தொடர்ந்து ஓடுகின்றன. ஆனால் அவற்றைச் சந்தைக்கு அனுப்புகிறவர்களே திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று 2022இல் விதி இறுகியது. உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒட்டிய அடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது பெரும்பாடு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு எதிரே நம் கரையில் ஒதுங்கும் குப்பையில் பாதி எது என்று வலை இழுக்கிறவரைக் கேட்டால் தெரியும். தொழிலுக்கு இது பெரிய தலைகுனிவு. அதனால்தான் இப்போது மூன்று பொருள்களுக்குப் பதில் ஒரே பொருளால் அடுக்குகளைச் செய்யும் வேலை நடக்கிறது. அதைச் செய்ய, பழையது ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்த ஆள் வேண்டும்.

படிப்புக்கு மூன்று வழிகள் சொல்கிறேன். என் முதல் தேர்வு, கிண்டி பொறியியல் கல்லூரியில் உள்ள பிரிண்டிங் அண்டு பேக்கேஜிங் டெக்னாலஜி. அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகக் கல்லூரி. இடங்கள் குறைவு, கலந்தாய்வு வழியாகத்தான் சேர முடியும். உங்கள் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன். அவனுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். இதைத் தெரியாமல் எத்தனை பேர் கடன் வாங்கியிருக்கிறார்கள்!

அது கிடைக்காவிட்டால் சிப்பெட். 1968இல் சென்னையில் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். அங்கே பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் மூன்றாண்டு டிப்ளமோ இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மதுரையிலும் அவர்களுக்கு ஒரு மையம் உண்டு. ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அங்கே என்னென்ன நடக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, இந்தியப் பேக்கேஜிங் நிறுவனத்தின் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. 1966இல் மும்பையில் தொடங்கியது, மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் வருவது. வீட்டைவிட்டு உடனே அனுப்ப மனமில்லை என்றால் இது தோதானது. பிந்திய இரண்டாண்டுக் கட்டணத்துக்கு மட்டும் இப்போதிருந்தே சேமிக்க வேண்டும்.

தரகர் யாராவது "பேக்கேஜிங் என்று பெயர் உள்ள கோர்ஸ், சீட் கையில் இருக்கிறது" என்று வந்தால் ஒன்று கேளுங்கள்: பிலிமை இழுத்துச் சோதிக்கும் கருவியும் சீல் போடும் கருவியும் ஆய்வுக்கூடத்தில் இருக்கின்றனவா? சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டிவிட்டுப் போனான். மூன்று ஆண்டும் கரும்பலகையில்தான் இயந்திரத்தைப் பார்த்தான். அவனை அனுப்பியதில் எனக்கும் பங்குண்டு. நான் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் இப்போதைக்கு இதற்கு இடமில்லை. சென்னையைச் சுற்றி, ஓசூர், புதுச்சேரி, சிவகாசி என்று போக வேண்டும். ஷிப்டு வேலை, அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் மையின் கரைப்பான் நெடி தலையைப் பிடிக்கும். ஆரம்பச் சம்பளம் கேட்டு நீங்கள் முகம் சுளிப்பீர்கள். ஐந்தாறு வருடம் தரக் கட்டுப்பாட்டிலோ உற்பத்தியிலோ நின்று பழகியவனுக்கு மதிப்பு வேறு. உங்கள் மனதில் சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு, அனுப்பும் எண்ணம் இருப்பதும் தெரியும். துபாயின் ஜெபல் அலியிலேயே பிலிம் ஆலைகள் இருக்கின்றன. கைத்தொழில் தெரிந்து போகிறவனும், ஏதாவது கிடைக்கும் என்று போகிறவனும் ஒரே விமானத்தில்தான் ஏறுகிறார்கள். இறங்கிய பிறகு கணக்கு வேறு.

ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு வாருங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் நான்கும் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டும். அப்படியே கடையில் கருவாடு கட்டும் பை இரண்டு எடுத்துவரச் சொல்லுங்கள், ஒன்று புதியது, ஒன்று முள் குத்தியது.