ப்ளோயர் சுற்றாததற்கும் ஏசி கேஸுக்கும் சம்பந்தமில்லை

கேள்வி: காரில் ஏசி போட்டாலும் ஹீட்டர் போட்டாலும் காற்றே வருவதில்லை, ப்ளோயர் சத்தமும் இல்லை. போன வாரம் வரை உச்ச வேகமான நான்காம் நம்பரில் மட்டும் ஓடியது. கேஸ் இறங்கிவிட்டது, கம்ப்ரசரையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்துவிடலாமா?

பதில்: செய்யாதீர்கள். காற்றைத் தள்ளுவது ப்ளோயர் மோட்டார். கேஸ் சுத்தமாகத் தீர்ந்தாலும் காற்று வரும், குளிராது, அவ்வளவுதான். உங்கள் ஹீட்டரோ எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தின் சூட்டில் வேலை செய்வது, அதற்குக் கேஸே வேண்டாம். இரண்டிலும் காற்று நின்றிருக்கும்போது கேஸ் கதை சொல்பவர் மோட்டாரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நான்காம் நம்பரில் மட்டும் ஓடியது நல்ல துப்பு. கீழ் வேகங்களுக்குக் கரண்ட், அதைக் குறைக்கும் ரெசிஸ்டர் வழியாகப் போகும், உச்ச வேகத்துக்கு நேராகப் போகும். ஆக, முதலில் போனது ரெசிஸ்டர். இப்போது ஃபியூஸ், ஒயரை இணைக்கும் பிளக், மோட்டார், ரிலே, ஸ்விட்ச், ஒயரிங் இவற்றில் ஒன்றும் போயிருக்க வேண்டும்.

ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். 30 இருந்த இடத்தில் 40 போடுபவரிடம் வண்டியை விடாதீர்கள், ஃபியூஸுக்குப் பதில் ஒயர் தீப்பிடிக்கும். அப்புறம் ஸ்விட்சை உச்சத்தில் வைத்து, பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் மோட்டாரை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். சுற்றினால் மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் பிரஷ் தேய்ந்திருக்கிறது, மோட்டார் அதிக நாள் தாங்காது. சுற்றாவிட்டால் மோட்டார் பிளக்கைக் கழற்றி, அதன் இரு முனைகளில், கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்ப் வைக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் மோட்டார் போச்சு. எரியாவிட்டால் கோளாறு ரிலே, ஸ்விட்ச், ஒயரிங் பக்கம்.

ரெசிஸ்டர் பிளக்கை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறி உருகி, ஒரு பின் மட்டும் கறுத்திருக்கலாம். பலர் ரெசிஸ்டரைப் புதிதாகப் போட்டு அதே உருகிய பிளக்கைத் திரும்பச் சொருகிவிடுகிறார்கள். சில வாரத்தில் மறுபடி கருகும், மறுபடி பில் வரும். பிளக் தனியாகவே கிடைக்கும், ஆனால் பல இடங்களில் மொத்த அசெம்பிளியைத்தான் பில்லில் எழுதுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெப்பநிலையை எண்ணில் வைக்கும் ஆட்டோமேட்டிக் ஏசி என்றால் நான்காம் நம்பர் கணக்கு செல்லாது. அவற்றில் பெரும்பாலும் ரெசிஸ்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். அதற்குப் போகும் மெல்லிய ஒயர் சிக்னல் ஒயர். அதில் டெஸ்ட் லேம்பைக் குத்தினால் கன்ட்ரோல் யூனிட்டே போய்விடலாம். மல்டிமீட்டரும் ஸ்கேனரும் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். அவரிடமும் மல்டிமீட்டர் முனையைத்தான் வைக்கச் சொல்லுங்கள், லேம்பை அல்ல.

மோட்டாரையோ ரெசிஸ்டரையோ மாற்றும்போது உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் வெளியே எடுத்துப் பாருங்கள். ரெசிஸ்டரைக் குளிர்விப்பது ப்ளோயர் காற்றுதான். ஃபில்டர் அடைத்திருந்தால் புதியதும் சூடேறிப் போகும்.